பிடிமண்ணும் வேலிக்கொய்யாவும்

சிங்காரப்பேட்டை
23.7.2006

கொய்யா நாட்டின் முடிசூடா மன்னனும், ஒட்டுக் கட்டுவதில் ஈரேழு உலகத்திலும் இணையில்லாதவனும், பாப்பம்மாளின் வாய்க்கு மட்டும் பயந்தவனுமாகிய உன் தாய்மாமன் கரியப்பன், பாகலூர்ச் சீமையை ஆளப்போகும் மருமகள் சுசித்ராவுக்கு எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை என்று மனுக் கொடுத்திருக்கிறது; பரிசீலனையில் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை அழகர்சாமியும் சம்பந்தியம்மா பேச்சியம்மாளும் சுகமா? நட்டு வருஷம் திரும்பாத உங்கள் கொய்யாத் தோட்டம் சுகமா?

செய்திக்கு வருகிறேன். உன்னுடையதைப் போலவே ஊர் ஒத்துக்கொள்ளாத காதல் கல்யாணம் ஒன்றை நான் நடத்திவைத்தேன் அல்லவா? மாப்பிள்ளை, வெங்கடப்பன் தோட்டத்து வேலிக்கொய்யா. அதைக் கொத்தின கிளி, மூக்கைச் சாணை பிடிக்கக் கிருஷ்ணகிரிக்குப் போகும். பெண், நம் சர்க்கரைக் கொய்யா. வெங்கடப்பன் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்து ஒரே மழைக்காலத்தில் எல்லா மரமும் நின்றபடியே செத்தது உனக்குத் தெரியும். மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறும் நோய். மருந்து கிடையாது. அந்தச் சுடுகாட்டில் இந்த வேலிக்காரன் ஒருத்தன்தான் இலை உதிராமல் நின்றான். அவனுடைய பூத்தூளை எடுத்து நம் பெண்ணின் பூவில் தடவி, காகிதப் பையால் முக்காடு போட்டு, பழமாக்கி, விதைத்து, இப்போது பிள்ளைகள் முழங்கால் உயரம். வேர் அப்பனைப் போல முரடாக அமைந்துவிட்டால் போதும். அதன் மேல் நல்ல கொய்யாவை ஒட்டுக் கட்டிவிடுவேன். கீழே முரடன், மேலே சர்க்கரை. அமெரிக்க ஜனாதிபதி கன்று கேட்டு வரிசையில் நிற்பார்.

எந்தப் பிள்ளை முரடன் என்று எப்படித் தெரியும்? செத்த தோட்டத்து மண்ணிலேயே வளர்த்துப் பார்க்க வேண்டும். வெங்கடப்பன் தோட்டத்து மண்ணை மூட்டையில் கொண்டுவந்து, தொட்டிகளில் நிரப்பி, நம் பாறை உச்சியில் சிறை வைத்திருக்கிறேன். போன பெருமழையில் இரண்டு தொட்டிகள் மட்டும் உருண்டு விழுந்து உடைந்தன. போகட்டும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசை, ஆவியில் வேக வைத்த சுத்த மண்ணில். நோய்ப் பூஞ்சை ஆவிக்குச் சாகும் என்று வேளாண்மை ஆபீசர் சொன்னார். நம் வீட்டில் ஆவி வரும் பாத்திரம் எது என்று யோசித்தேன்.

வெங்கடப்பன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். நான் என்ன சொன்னாலும் சிரிக்க மாட்டேன் என்கிறான்.

உன் மாமன்,
கரியப்பன்

பாப்பம்மா எழுதுவது: என் இட்லிக் குண்டானில் மண்ணை அவித்துவிட்டார். புதுக் குண்டான் வரும்வரை இந்த வீட்டில் இட்லி கிடையாது.


பாகலூர்
6.8.2006

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் சுசித்ரா வணக்கம். இங்கே எல்லோரும் நலம். செடிகளும் நலம். உங்கள் மனுக் கொடுத்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

மாமா, உங்கள் கடிதம் வந்தால் இங்கே ஞாயிற்றுக்கிழமை சினிமா மாதிரி. அவர் சத்தமாக வாசிப்பார், மாமியார் வெற்றிலையை மடித்தபடி கேட்பார். இந்த முறை குண்டான் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். “ஏத்தா, ஒம் மாமன் ஒத்த ஆளா, ஒம்பது ஆளா?” என்றார். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து முதல்தடவை பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். புதுத் தோட்டத்துக்குக் காவல் சாமி வேண்டுமாம். அவர்கள் சாமி மதுரைக்கு அந்தப் பக்கம், தூரம். “ஒங்க மாமன் தோட்டத்து முனியப்பனக் கூட்டியாருவோம்த்தா. எங்கூர்ல பிடிமண் எடுத்துத்தான் சாமி கொண்டாருவோம்” என்றார். சாமியின் காலடி மண்ணை ஒரு பிடி எடுத்துவந்து, இங்கே புதுக் கல்லுக்கு அடியில் வைத்தால், சாமியே வந்த மாதிரியாம். நம் பக்கத்தில் கல்லை நட்டால் சாமி. அவர்களுக்கு மண் வேண்டும்.

மாமா, ஊர் வேறு, குலம் வேறு என்று என் கையால் தண்ணீர்கூட வாங்காமல் இருந்தவர் அவர். நம் சாமியைக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐப்பசியில் வரட்டுமா?

சுசித்ரா


சிங்காரப்பேட்டை
15.8.2006

சுதந்திர தினத்தன்று சுதந்திரம் இல்லாத கரியப்பன், மருமகளுக்கும் அவள் வீட்டாருக்கும் நலம் கேட்டு எழுதுவது.

வரட்டுமா என்று கேட்பதா? நம் முனியப்பன் இப்போதே மீசையை முறுக்கி மூட்டை கட்டிவிட்டான். சம்பந்தியம்மா ஒரு பிடி என்ன, ஒரு வண்டி அள்ளிக்கொண்டு போகட்டும். கிடா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். யானைக்குட்டி என்று நினைத்து வனத்துறை இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஐப்பசி முதல் வெள்ளி. வராமல் இருந்தால்தான் கோபம்.

கரியப்பன்


சிங்காரப்பேட்டை
29.10.2006

மழையில் நனைந்து பாதி கரைந்துபோன கரியப்பன் எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம்தானே? காய்ச்சல் பரவுகிறதாம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ஐப்பசி வேண்டாம் என்று தந்தி கொடுத்ததற்குக் காரணம் எழுதவில்லை. காரணம் இதுதான்: முனியப்பன் ஊரில் இல்லை. மழைக்காலத்தில் அவன் அக்காள் வீட்டுக்கு ஜவ்வாது மலைக்குப் போய்விடுவான். இது ஆயிரத்தெட்டு வருஷப் பழக்கம். இல்லாத சாமியின் மண்ணை எடுத்து என்ன செய்வீர்கள்? மார்கழி பீடை மாதம், ஆகாது. தையில் அவனுக்கு வேறு கச்சேரி. பார்த்துச் சொல்கிறேன். கிடா தன் ஆயுள் நீண்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறது.

கேட்க மறந்தேன், மழைத்தண்ணீர் உங்கள் நிலத்தில் எந்தப் பக்கமாக ஓடுகிறது? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்று சொல்லாதே, அது எனக்கே தெரியும்.

கரியப்பன்

பாப்பம்மா எழுதுவது: முனியப்பன் பக்கத்துக் கொய்யா மரத்தை உன் மாமன் வேரோடு தோண்டி எரித்துவிட்டார். காய்க்கிற மரம். ஏன் என்று கேட்டால் சாமிக்குக் காற்று வரவில்லையாம். மழையில் நனைந்த மரம் எரியமாட்டேன் என்றது, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.


கம்பெனி பஸ்ஸில்
8.11.2006

மாமா, நலமா? இதை வேலைக்குப் போகும் வழியில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் ரோடுதான் காரணம்.

வீட்டில் மாமியார் கேட்டார்: “என்னத்தா, எங்க கையில குடுக்க ஒம் மாமனுக்கு மனசு வல்லையோ?” நான் இல்லை என்றேன். “பின்ன என்ன, சாமி அக்கா வீட்டுக்குப் போயிருக்காம்?” என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அத்தை எழுதினதையும் என் வீட்டுக்காரர் வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த மரம் பாறைக்கு நேர் கீழே இருக்கிறது. போன பெருமழையில் உருண்ட தொட்டிகள் எந்தப் பக்கம் விழுந்தன மாமா?

சொல்லாதீர்கள். நீங்கள் எது எழுதினாலும் அது கூடத்தில் சத்தமாக வாசிக்கப்படும். போனும் கூடத்தில்தான். என் சாமியோடு நோய் வந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் நான் அந்த வீட்டில் எங்கே நிற்பேன்? என் வீட்டுக்காரர் எட்டு வருஷம் ஓவர்டைம் பார்த்து வாங்கின நிலம் அது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒன்றுமில்லை என்றால் எப்போதும்போல எழுதுங்கள். அந்த நோய்தான் என்றால், அடுத்த கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதாதீர்கள். நான் புரிந்துகொள்வேன்.

கடவுளே, நிறையப் பொய் எழுதுங்கள் மாமா.

சுசித்ரா


சிங்காரப்பேட்டை
16.11.2006

சுசித்ராவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை பெய்தது. இப்போது நின்றிருக்கிறது. பாறைமேல் கன்றுகள் இருக்கின்றன. சில காய்ந்தன.

பிடிமண்ணுக்கு வர வேண்டாம். தையிலும் வர வேண்டாம். நான் சொல்லும்போது வரலாம்.

அத்தை நலம்.

கரியப்பன்


கம்பெனி பஸ்ஸில்
11.12.2006

மாமா, அத்தை, நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார். மாமியார் வெற்றிலையைக் கீழே வைத்தார். “கோவம்த்தா. ஒம் மாமனுக்கு எங்க மேல கோவம். நேர்ல போயிட்டாச் சரியாயிரும்.” கோபமில்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? காரணம் கேட்பார்களே.

நான் ஷிப்டில் இருந்தபோது ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் போய்விட்டார்கள். நீங்கள் கிருஷ்ணகிரி போயிருந்தீர்களாம். அத்தை தடுத்துப் பார்த்தாராம்; “அவரு வரட்டும், அவரு வரட்டும்” என்றாராம். மாமியார் சாமிக்கு முன்னால் சேலையை விரித்து விழுந்து கும்பிட்டு, மண்ணை எடுத்துவிட்டார். ஒரு பிடி இல்லை மாமா. நீங்கள்தான் ஒரு வண்டி என்று எழுதியிருந்தீர்களே. ஒரு குடம்.

குடம் இப்போது எங்கள் சாமி அறையில் மஞ்சள் துணி கட்டி இருக்கிறது. தை முதல் வெள்ளி தோட்டத்தில் வைக்கிறார்கள். மாமியார் தினமும் பூ வைக்கச் சொல்கிறார். வைக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கொட்டிவிடலாமா என்று கையை நீட்டுகிறேன், சாமி மண் மாமா, கை பின்னால் வருகிறது.

ஏதாவது செய்யுங்கள். எல்லோரும் கேட்கிற மாதிரி, எனக்கு மட்டும் புரிகிற மாதிரி.

சுசித்ரா


சிங்காரப்பேட்டை
17.12.2006

கொங்கு, கன்னடம், தெலுங்கம் என்னும் மூன்று நாட்டுக்கும் பொதுவான முனியப்பனின் பரம்பரைப் பூசாரியும், வாக்கில் வழுவாதவனும், சென்ற கடிதத்தைக் காய்ச்சலில் எழுதியதால் நான்கு வரியில் நிறுத்தியவனுமாகிய கரியப்பன், மதுரைச் சீமைச் சம்பந்தியம்மா பேச்சியம்மாளுக்கும், மாப்பிள்ளைக்கும், மருமகளுக்கும் கைகூப்பி எழுதுவது. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை மாப்பிள்ளை நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும்.

நான் இல்லாதபோது வந்து போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் ஒரு முக்கியமான சங்கதி சொல்லப்படாமல் போயிற்று. எங்கள் முனியப்பன் பச்சை மண்ணாக எங்கேயும் குடியேறமாட்டான். இமயமலைக்கு இந்தப் பக்கம் ஆவிக்குளியல் கேட்கும் ஒரே சாமி அவன்தான். என் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் ஒருவர் இவனைப் பச்சையாகக் கொண்டுபோய் வைத்து, தளி மலையில் ஏழு ஊருக்குக் காய்ப்பில்லாமல் போனது சரித்திரம்.

முறை இது. கல்லை நடும் முன் வீட்டு வாசலில் அடுப்புக் கூட்டிப் பெரிய இட்லிக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்க விட வேண்டும். தட்டில் துணி விரித்து, குடத்து மண்ணை மெல்லியதாகப் பரப்பி மூடி, நெருப்புக் குறையாமல் ஒரு முழு சினிமா ஓடும் நேரம் வேக வைக்க வேண்டும். குடத்து மண் முழுவதும் இப்படியே. ஒரு சிட்டிகை பச்சையாக மிஞ்சக்கூடாது. குடம், மஞ்சள் துணி, வந்து போனவர்களின் செருப்பு, சேலை எல்லாம் கொதி தண்ணீரில். வண்டிச் சக்கரத்தையும் தோட்டத்துக்கு வெளியே கழுவச் சொல்லுங்கள். முனியப்பன் டயரில் தொங்கிக்கொண்டு வர விரும்பமாட்டான். அதுவரை குடம் தோட்டத்துக்குள் போகக்கூடாது. இது என் கட்டளை இல்லை, அவன் கட்டளை.

சுசித்ரா, குண்டான் போனால் மாமன் புதியது வாங்கித் தருவேன்.

கரியப்பன்


கம்பெனி பஸ்ஸில்
22.1.2007

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். பொங்கல் எப்படி இருந்தது?

வேக வைத்தோம். மூன்று ஈடு. மாமியார் சங்கு ஊத ஆள் பிடித்தார். தெருவில் கன்னடக்காரப் பெண்கள் எல்லாம் வந்து நின்று, என்ன பலகாரம் என்று கேட்டார்கள். “சாமி” என்றார் மாமியார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அப்புறம் என் காதருகே, “அவிச்ச சாமிய நான் இப்பத்தாம்த்தா பாக்கேன்” என்றார். செருப்பு, சேலை, சக்கரம் எல்லாம் நீங்கள் சொன்னபடி. வெள்ளிக்கிழமை கல் நட்டாயிற்று.

இத்தோடு முடித்திருக்கலாம். நேற்றுத் தண்ணீர் பாய்ச்சும்போது பார்த்தேன், தோட்டத்து வாசல் கேட்டு ஓரத்து முதல் மரத்தில் மஞ்சள் குங்குமம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அன்னிக்கு வண்டிய விட்டு எறங்குனதுமே ஒரு கை மண்ண இதுக்கு வச்சுட்டேன்த்தா. சாமி மொதல்ல வாசலப் பாக்கட்டும்னு.”

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வைத்துவிட்டார் மாமா. பச்சையாக.

மரம் இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. காய்க்கிற மரத்தைப் பிடுங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? நானும் சாமிக்குக் காற்று வரவில்லை என்று சொல்லவா?

ஒருமுறை வந்து பாருங்களேன்.

சுசித்ரா


சிங்காரப்பேட்டை
4.3.2007

உலகம் சுற்றும் ஆசை இருந்தும் முழங்காலால் சிறைப்பட்ட கரியப்பன், மருமகள் வீட்டார் அனைவரின் நலமும் விரும்பி எழுதுவது.

வருவதற்கில்லை. முழங்கால் கலெக்டரிடமே முறையிட்டுவிட்டது. பதிலுக்கு ஓசூர் பஸ் கண்டக்டர் கையில் ஒரு ராஜகுமாரனை அனுப்பியிருக்கிறேன். பாறைச் சிறையில் பெரும்பாலோர் மாண்டார்கள். மூவர் நிற்கிறார்கள். நிற்பதா? சிலம்பம் சுற்றுகிறார்கள்! அந்த மூவரில் ஒருவனிடமிருந்து பதியன் போட்ட வேர், அதன் மேல் நம் சர்க்கரைக் கொய்யா ஒட்டு. வேக வைத்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன், யாருக்கும் கெடுதல் செய்யமாட்டான். முனியப்பனுக்கு மெய்க்காப்பாளனாக, உங்கள் தோட்டத்துக் கேட்டு ஓரத்தில், தொட்டியோடு வையுங்கள். தரையில் நட அவசரம் வேண்டாம். நேரம் வரும்போது முனியப்பன் சொல்வான். சொல்லாமலே இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

இங்கே நம் தோட்டம் எப்படி என்று கேட்பாய். பழத்தின் கனம் தாங்காமல் பூமி இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது.

கரியப்பன்

பாப்பம்மா எழுதுவது: முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. வேலியைத் தாண்டி எங்கேயும் போகமாட்டேன் என்கிறார். சந்தைக்கும் நான்தான் போகிறேன், வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டு. பழத்தைப் பற்றி உன் மாமனிடம் கேட்காதே கண்ணு.


சிங்காரப்பேட்டை
20.10.2007

சுசித்ராவுக்கு,

நலம். மழை முடிந்தது. கேட்டு மரம் எப்படி இருக்கிறது? உடனே எழுது.

கரியப்பன்


சிங்காரப்பேட்டை
26.11.2007

சுசித்ரா,

பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். சம்பந்தியம்மா எடுத்தார்கள். வைத்துவிட்டேன்.

ஒரு வரி போதும்.

மாமன்


பாகலூர்
17.2.2008

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் சுசித்ரா எழுதுவது. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இதை நான் பஸ்ஸில் எழுதவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமியார் எதிரில் இருக்கிறார்.

ஐப்பசியில் கேட்டு மரத்தில் ஓர் இலை மஞ்சளாயிற்று. கிள்ளிப் போட்டேன். மறுநாள் ஐந்தாறு. விடியும் முன் எழுந்துபோய், மஞ்சள் இலைகளை எல்லாம் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, கம்பெனிக் குப்பையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போவேன். உங்கள் கடிதங்கள் வந்தன, கூடத்துக்குப் போகும் முன் எடுத்து ஒளித்துவைத்தேன். பொய்யில்லாமல் வந்தன. இங்கிருந்தும் பொய்யில்லாமல் ஒன்று எழுத வேண்டும், அதற்குத்தான் கை வரவில்லை. கடைசியில் மரத்தில் பச்சை இலையே இல்லாமல் போயிற்று. கிளை காய ஆரம்பித்தது.

ஒரு காலையில் மாமியார் பின்னால் வந்து நின்றார். “என்னத்தா மடியில?”

எல்லாவற்றையும் சொன்னேன். வெங்கடப்பன் தோட்டத்து மண், உருண்ட தொட்டி, உங்கள் மரம், குடம், எல்லாம். அவர் கேட்டார்: “அப்ப அவிக்கச் சொன்னது சாமி இல்லையா?”

“இல்லீங்க. எங்க மாமா.”

பெட்டியைக் கட்டு என்று சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் அந்த மரத்தைத் தடவினார். தடவின கையைப் பார்த்தார். “அள்ளுனது என் கை. கொண்டாந்து வச்சதும் என் கை. ஒன்னைய என்னத்தச் சொல்ல” என்றார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: “ஏலே அழகரு, மம்பட்டிய எடுத்தா!”

வேரோடு தோண்டி அந்தக் குழியிலேயே எரித்தோம். அதே குழியில், அதே மண்ணில், உங்கள் ராஜகுமாரனை நட்டோம். மார்கழிப் பனி முழுக்க ஓர் இலைகூட விடாமல் குச்சியாக நின்றான். போன வாரம்தான் தளிர் விட்டிருக்கிறான். செம்பு நிறத்தில் இரண்டு. அவனுக்கு அடுத்த மரத்தில் நேற்று ஓர் இலை மஞ்சளாக இருந்தது. வெயிலா, அதுவா, தெரியவில்லை. மூன்று பேரும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். யாரும் அதைப் பறிக்கவில்லை.

நமக்குள் வைத்திருந்த ஏற்பாட்டையும் சொல்லிவிட்டேன். மாமியார் உங்கள் அந்த நான்கு வரிக் கடிதத்தைத் தேடி எடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். இப்போது உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

“அண்ணே, ஒங்க தோட்டம் பூராவும் போயிருச்சுன்னு நாங்களே தெரிஞ்சுக்கிட்டோம். வேலிக்குள்ளயே கெடந்து சாகாதீக. செருப்ப அங்கனயே போட்டுட்டு பஸ் ஏறுங்க. வாசல்ல வெந்நித் தண்ணி வச்சிருக்கேன், காலக் கழுவிக்கிட்டு உள்ள வாங்க. அந்தக் கன்னு பக்கத்துல ஒக்காந்து அது பொழைக்குமா பொழைக்காதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். வர முடியலன்னா கடுதாசி போடுங்க. ஆனா பொய்யோட போடுங்கண்ணே. பொய் இல்லாம வந்தா எனக்குப் பயமா இருக்கு.”

சுசித்ரா